7. கஞ்சாவும் பதின்ம வயதும்: வீடு முந்திக்கொள்ள வேண்டிய விஷயம்

ஒரு பிள்ளை கஞ்சா புகைக்கத் தொடங்கினால் அது முதலில் நண்பர்களுக்குத் தெரியும். அடுத்து விற்பவனுக்குத் தெரியும். சில நேரம் பள்ளிக்கும் காவல் துறைக்கும் தெரியவரும். பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசியில்தான். லாக்கப்பிலிருந்து அழைப்பு வரும்போதுதான் பல வீடுகளில் முதல் பேச்சே தொடங்குகிறது. இந்த வரிசையை மாற்றுவதற்காகவே இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. முதல் இழுப்புக்கும் முதல் கைதுக்கும் நடுவே ஒரு கால இடைவெளி இருக்கிறது. அது குடும்பத்துக்குச் சொந்தமான காலம். அதைப் பயன்படுத்த உடலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சரியான தகவல் வேண்டும்.

பினாங்கின் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பத்து லஞ்சாங் அடுக்குமாடிகளில் வாழும் பெற்றோரையும், 13 முதல் 19 வயதுள்ள பிள்ளைகளையும் நினைத்து இது எழுதப்பட்டது. சட்டப் பகுதியைப் பிள்ளையுடன் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பது நல்லது.

இன்று கைக்கு வருவது எது

பினாங்குக்குக் கஞ்சா புதிதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் அபின், சாராயம், கள், பாங்கு ஆகியவற்றை விற்கும் உரிமையை அரசே குத்தகைக்கு விட்டு வருவாய் பார்த்தது. சித்த மருத்துவமும் கஞ்சாவை அறியும். அதனால்தான் இன்றும் சில வீடுகளில், "அது மூலிகைதானே, அந்தக் காலத்துச் சாமியார்கள் குடித்ததுதானே" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்கிறோம். பிள்ளைகள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்து இலையும் இன்று விற்கப்படுவதும் ஒன்றல்ல. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள் டி.எச்.சி. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் இதன் அளவு 1990களின் நடுவில் சுமார் 4 விழுக்காடாக இருந்தது. கடந்த சில ஆண்டுகளில் அது 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பிழிந்தெடுத்த எண்ணெயில் இன்னும் பல மடங்கு அதிகம். இன்று பிள்ளைகளின் கைக்கு இது நான்கு வடிவங்களில் வருகிறது.

- உலர்ந்த பூவும் இலையும். சுருட்டிப் புகைப்பது. அழுத்திக் கட்டியாக்கிய வடிவிலும் வருகிறது.
- தின்பண்டம். பிரௌனி, பிஸ்கட், ஜெல்லி மிட்டாய். வாசனையும் புகையும் இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது.
- வேப் திரவம். கஞ்சா எண்ணெய் என்று சொல்லி விற்கப்படும். உள்ளே இருப்பது ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கைப் போதைப்பொருளாகவும் இருக்கலாம்.
- கலவை. கெத்தும் நீர், இருமல் மருந்து, மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுப்பது. எது எதோடு சேர்ந்து என்ன செய்யும் என்று விற்பவனுக்கே தெரியாது.

வேப் பற்றித் தனியாக ஒன்று. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு சிகரெட், வேப் எதையும் விற்கக் கூடாது. அவர்கள் புகைக்கவும் கூடாது. ஆகவே மாணவனின் பையில் இருக்கும் வேப், உள்ளே என்ன இருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பாக வந்த பொருள். அதை விற்றவன் உள்ளே என்ன ஊற்றினான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உடலுக்கும் மூளைக்கும் என்ன ஆகிறது

பிள்ளையிடம் மிகைப்படுத்திப் பேச வேண்டாம். "ஒரு தடவை இழுத்தால் பைத்தியம் பிடிக்கும்" என்று சொன்னால், ஒரு தடவை இழுத்துவிட்டு நன்றாக இருக்கும் நண்பனை அவன் காட்டுவான். அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். உண்மையே போதுமான அளவு கனமானது.

மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றைக் கவனிக்கும் முன்பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. உடல் தானே சுரக்கும் கஞ்சா போன்ற சில வேதிப்பொருள்கள் இந்த வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன. வெளியிலிருந்து வரும் டி.எச்.சி. அதே இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையைக் குலைக்கிறது. 40 வயதுக்காரர் புகைப்பதற்கும் 15 வயதுப் பிள்ளை புகைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

படிப்பு. கஞ்சா எடுத்த நேரத்தில் புதிய செய்தி நினைவில் பதிவதில்லை. கவனம் சிதறுகிறது. வாரத்தில் பல நாள் எடுக்கும் மாணவனுக்கு இந்த மந்தம் அடுத்த நாள் வகுப்புக்கும் தொடரும். படிவம் 4, படிவம் 5 என்ற இரண்டு ஆண்டுகளில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இது நேரடி இழப்பு. அறிவுத்திறன் நிரந்தரமாகக் குறைகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012-இல் ஆம் என்றது. இரட்டையர்களை ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகள், குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம் என்றன. ஆனால் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் படிப்பு சரிகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மனநலம். இல்லாத குரல் கேட்பது, எல்லாரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அஞ்சுவது போன்ற மனப்பிறழ்வு பற்றிய சான்றுகள் வலுவானவை. சுவீடனில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளியானது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு என்று அது கண்டது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் எடுப்பவருக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்திருந்தால் ஆபத்து கூடும். நம் வீடுகளில் "மாமாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை" என்று மூடி வைத்த கதைகள் உண்டு. அவற்றைப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துங்கள். அது அவனைக் காக்கும் தகவல்.

பழக்கம். கஞ்சாவுக்கு யாரும் அடிமையாவதில்லை என்பது தவறு. எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ ஆறில் ஒருவர். நிறுத்தியதும் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கெட்ட கனவுகள் வரும். முதல் வாரம் கடுமையாக இருக்கும். இரண்டு வாரங்களில் பெரும்பாலும் தணியும். "விட்டுவிட்டேன்" என்று சொன்ன பிள்ளை அந்த வாரத்தில் சிடுசிடுப்பது பொய்யின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. விட முயல்வதன் அடையாளமாகவே இருக்கலாம்.

உடல். கஞ்சாப் புகையிலும் தார் உண்டு. நாள்பட்ட இருமலும் சளியும் வரும். போதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் விபத்து வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. நெடுநாள் எடுப்போரில் சிலருக்கு அடங்காத வாந்தி வரும். சுடுநீரில் குளித்தால் மட்டும் சற்றுத் தணியும். வாந்தியோடு மருத்துவமனைக்குப் போகும் பிள்ளை கஞ்சாவை மறைத்தால் மருத்துவர் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

தின்பண்டத்தின் பொறி. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து இரண்டாவது துண்டையும் தின்றுவிடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடப்பு, கடும் பயம், நினைவு தடுமாற்றம் எல்லாம் அதனால்தான்.

செயற்கைப் பொருள். வேப்பில் வரும் செயற்கைக் கஞ்சா மூளையில் இயற்கைக் கஞ்சாவைவிடப் பன்மடங்கு வலுவாகச் செயல்படக்கூடும். வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, மரணம் வரை போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

யாராவது மயங்கினால், வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 999 அழையுங்கள், தனியே விட்டுப் போகாதீர்கள், என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்கு வருமோ என்ற பயத்தில் நண்பனைப் படிக்கட்டில் விட்டு ஓடுவதுதான் உயிரை எடுக்கிறது.

சட்டம் எடையைத்தான் பார்க்கிறது

மலேசியாவில் கஞ்சாவை ஆள்வது 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். 1983 பிப்ரவரி 19 அன்று போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டு கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமானது. அவ்வாண்டு நவம்பரில் பினாங்கு விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்ட கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் இருவரும் 1986 ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை. நீதிபதி முடிவு செய்யலாம். ஆனால் அது சட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. "தூக்கு எடுத்துட்டாங்க" என்று சமூக ஊடகத்தில் பேசப்படுவதைப் பிள்ளைகள் நம்ப வேண்டாம்.

பெரியவர்களுக்கான தண்டனைகள் இவை:

- புகைத்தது சிறுநீரில் தெரிந்தால் (பிரிவு 15): 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதன்பின் அதிகாரிகளின் மேற்பார்வையும் உண்டு.
- சிறிதளவு கையில் இருந்தால் (பிரிவு 6): 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
- 20 கிராம் முதல் 50 கிராமுக்குள்: 2 முதல் 5 ஆண்டு சிறையும் 3 முதல் 9 பிரம்படியும்.
- 50 கிராமும் அதற்கு மேலும்: குறைந்தது 5 ஆண்டு சிறை முதல் ஆயுள் வரை, குறைந்தது 10 பிரம்படி.
- 200 கிராமும் அதற்கு மேலும்: கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். மரண தண்டனை, அல்லது ஆயுள் சிறையுடன் குறைந்தது 12 பிரம்படி.
- செடி வளர்த்தால்: ஆயுள் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். பிளாட் பால்கனியில் இருக்கும் ஒற்றைத் தொட்டிக்கும் இதே பிரிவுதான்.

200 கிராம் என்பது கடையில் வாங்கும் கால் கிலோ காப்பித்தூள் பொட்டலத்தைவிட எடை குறைவு. பள்ளிப் பையில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

பிள்ளைகளுக்குத் தெரியாத இன்னொன்று "கடத்தல்" என்ற குற்றத்தின் அகலம். அந்தச் சட்டத்தில் கடத்தல் என்பது விற்பது மட்டுமல்ல. கொடுப்பது, வாங்குவது, வைத்திருப்பது, மறைப்பது, சுமந்து செல்வது, அனுப்புவது எல்லாம் அதற்குள் வரும். பணம் கைமாற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நாலு பேர் காசு சேர்த்து ஒருவன் போய் வாங்கி வந்து பங்கு போட்டால், அந்த ஒருவன் மற்ற மூவரைவிட மோசமான இடத்தில் நிற்கிறான்.

"இந்தப் பையைக் கொஞ்சம் வச்சுக்கடா"

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் பிள்ளை வாசிப்பான் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பொதுவாக, குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. போதைப்பொருள் வழக்கில் சட்டம் சில அனுமானங்களைச் செய்துகொள்கிறது. ஒரு பை, பெட்டி, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் உள்ள அறை உன் பொறுப்பில் இருந்து, அதற்குள் கஞ்சா இருந்தால், அது உன் வசம் இருந்தது என்றும், அது என்னவென்று உனக்குத் தெரியும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது, அண்ணன்தான் கொடுத்தாரு" என்பதை நீதான் நிறுவ வேண்டும். கொடுத்த அண்ணன் அன்று சாட்சிக்கு வர மாட்டார்.

இந்த அனுமானத்துக்கு ஓர் எல்லையை நீதிமன்றம் வகுத்திருக்கிறது. அல்மா நூடோ அத்தென்சா வழக்கில் 2019 ஏப்ரல் 5 அன்று கூட்டரசு நீதிமன்றம், ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை அடுக்கிக் கடத்தல் என்று முடிவு கட்டுவது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அது முக்கியமான பாதுகாப்பு. ஆனால் தனி அனுமானம் இன்றும் இருக்கிறது.

கும்பல்கள் சிறுவர்களைத் தேடுவதற்குக் காரணமும் சட்டத்தில்தான் உள்ளது. 18 வயதுக்குக் கீழானவனுக்குத் தூக்கு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கைபேசிக்குக் காசு, காலணிக்குக் காசு, ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுத்தால் 50 வெள்ளி, 100 வெள்ளி. தம்பி, தங்கை: உங்களிடம் அன்பாகப் பேசுகிற அந்த அண்ணன் உங்கள் வயதை வாடகைக்கு எடுக்கிறார். பார்சலை ஏன் அவரே கொண்டுபோகவில்லை என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

மறுப்பது கடினம் என்பது புரிகிறது. சில வாசகங்களை முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளலாம். "எங்க வீட்டுல யூரின் டெஸ்ட் கிட் வாங்கி வச்சிருக்காங்க." "என் பையை அம்மா தினம் பார்க்கிறாங்க." "கோச் டெஸ்ட் எடுக்கிறாரு." பழியைப் பெற்றோர் மேல் போடுங்கள். பெற்றோரே, அந்தப் பழியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டினால்

ஜார்ஜ்டவுனிலிருந்து ஹட்யாய்க்கு வேனில் சில மணி நேரம்தான். தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. கடைகள் பெருகின. 20 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது என்ற விதியும் அதே மாதத்தில் வந்தது. 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு கட்டாயமானது. விடுமுறைக்குப் போகும் பிள்ளைகளிடம் மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள்.

முதலாவது, அங்கே வாங்கிய ஒரு ஜெல்லி மிட்டாயும் பாடாங் பெசாரிலோ புக்கிட் காயு ஈத்தாமிலோ எல்லையைக் கடந்ததும் மலேசியச் சட்டத்தில் போதைப்பொருள். இரண்டாவது, ஒரு தடவை எடுத்ததன் தடயம் சிறுநீரில் சில நாள் இருக்கும். அடிக்கடி எடுப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கலாம். திரும்பி வரும்போது பரிசோதனை நடந்தால் "அங்கேதான் எடுத்தேன்" என்ற பதிலை நம்பிப் போகக் கூடாது. மூன்றாவது, திரும்பும்போது யாருடைய பையையும், பிஸ்கட் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

தெற்கே சிங்கப்பூரில் 500 கிராமைத் தாண்டிய கஞ்சாக் கடத்தல் கட்டாய மரண தண்டனைக்குரிய குற்றம். தங்கராஜு சுப்பையா என்ற சிங்கப்பூர்த் தமிழர் 1,017.9 கிராம் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்று தீர்ப்பாகி 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. ஒருங்கிணைத்தவர் அவர்தான் என்பதற்கு இரண்டு கைபேசி எண்கள் முக்கியச் சான்றாயின. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் 42.72 கிராம் ஹெராயினுடன் அங்கே பிடிபட்டார். அவரது அறிவுத்திறன் குறைவைச் சுட்டி உலகமெங்கும் குரல் எழுந்தும், 2022 ஏப்ரல் 27 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. இருவர் வீட்டுத் துயரமும் நம் வீட்டுத் துயரம். அதைக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்து போக முடியாது.

18 வயதுக்குக் கீழே இருந்தால்

சிறார் சட்டம் 2001, 18 வயது நிறையாதவரைச் சிறார் என்கிறது. அவர்களுக்குள்ள பாதுகாப்புகளைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

- பிள்ளையைக் கைது செய்தால் போலீஸ் உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும்.
- 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் அடைக்கக் கூடாது.
- சிறார் நீதிமன்றம் மூடிய கதவுக்குள் நடக்கும். பிள்ளையின் பெயரும் படமும் வெளியிடப்படக் கூடாது.
- 14 வயதுக்குக் கீழானவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அதற்கு மேற்பட்டவருக்கும் வேறு வழி இருந்தால் சிறை கூடாது.
- தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரி பிள்ளையின் வீடு, படிப்பு, நடத்தை பற்றி அறிக்கை தருவார். எச்சரிக்கை, நன்னடத்தைப் பிணை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளி என்று பல வழிகளில் ஒன்றை நீதிமன்றம் தேர்ந்தெடுக்கும்.

அந்த அறிக்கைக்கு நீங்கள் தரும் ஒத்துழைப்பு பிள்ளையின் தண்டனையை மாற்றும். வீட்டுக்கு வரும் அதிகாரியிடம் மழுப்பாதீர்கள். பள்ளி வருகைப் பதிவு, ஆசிரியர் கடிதம், சிகிச்சைக்குப் பதிவு செய்த சீட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

மரண தண்டனைக்குரிய குற்றத்தில் சிறாருக்குத் தூக்கு இல்லை. அதற்கு மாற்றாக, பினாங்கில் மாநில ஆளுநரின் விருப்பம் உள்ளவரை தடுத்து வைக்க ஆணையிடலாம். விடுதலைத் தேதி குறிக்கப்படாத காவல் அது. "எனக்கு 17 தான், ஒண்ணும் செய்ய முடியாது" என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். குற்றம் நடந்த நாளில் 18 நிறைந்திருந்தால் இந்தப் பாதுகாப்பும் இல்லை.

அழைப்பு வந்த இரவில்

1. எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் பெயர், எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். வயதைக் காட்டுவதுதான் முதல் வேலை.
2. விசாரணைக்கு முன் உறவினரோடும் வழக்கறிஞரோடும் பேசும் உரிமை சட்டத்தில் உண்டு. அதை மரியாதையாகக் கேளுங்கள்.
3. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். தேசியச் சட்ட உதவி அறவாரியமும் சட்ட உதவித் துறையும் உதவி தருகின்றன. ரிமாண்ட் கட்டத்திலேயே கேட்கலாம்.
4. பொய் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுத் தராதீர்கள். தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை வழக்கறிஞர் விளக்கட்டும்.
5. "பேசி முடிச்சிடலாம்" என்று இடைத்தரகர் வந்தால் கதவை மூடுங்கள். லஞ்சம் இன்னொரு குற்றம். அதில் நீங்களும் சிக்குவீர்கள்.
6. நிலையத்தில் பிள்ளையை எல்லார் முன்னாலும் அடிக்காதீர்கள். அந்த இரவில் அவனுக்கு இருக்கும் ஒரே துணை நீங்கள்தான்.

பிள்ளையின் அறையில் கிடைத்தால்

சிவந்த கண், புதிய நண்பர்கள், குறையும் மதிப்பெண், காணாமல் போகும் பணம், அறையில் எப்போதும் வாசனைத் தெளிப்பு: இவை சந்தேகத்துக்கான காரணங்கள். சான்றுகள் ஆகா. தூக்கக் குறைவும் காதல் தோல்வியும் இதே போல இருக்கும். கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

பொருளே கையில் கிடைத்தால், அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அந்த நிமிடம் முதல் அது உங்கள் வசம் உள்ள பொருள். தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கவும் வேண்டாம். அன்றே ஒரு வழக்கறிஞரைக் கேட்டு அவர் சொல்படி செய்யுங்கள். ஒரு பொட்டலத்துக்கு மேல் இருந்தால், தராசும் சிறு பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்திருந்தால், அது வேறொருவரின் சரக்காக இருக்க வாய்ப்புண்டு. அப்போது பிள்ளையின் பாதுகாப்பே முதல் கவலை. தாமதம் கூடாது.

பேச்சை எப்படித் தொடங்குவது? ஷிப்டு முடிந்து களைத்து வந்த நேரத்திலும், பாட்டி, தம்பி, தங்கை சுற்றி இருக்கும்போதும் வேண்டாம். கோபம் தணிந்த பிறகு, தனியாக, உட்கார்ந்து.

"தம்பி, இது உன் பையில இருந்துச்சு. அடிக்கப் போறதில்ல. எத்தனை நாளா, யாரோட, எதுக்காகன்னு சொல்லு. நீ சொல்றத முழுசா கேட்டுட்டுத்தான் பேசுவேன்."

"எல்லாரும் அடிக்கிறாங்கம்மா."

"எல்லாரையும் பத்தி அப்புறம் பேசலாம். உனக்கு அது என்ன கொடுக்குதுன்னு சொல்லு."

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் வழி இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்பான். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்பான். வீட்டில் சண்டை என்பான். அந்தக் காரணத்தைத் தொடாமல் கஞ்சாவை மட்டும் பிடுங்கினால் நாளைக்கு வேறொன்று வரும். "குடும்ப மானம் போச்சு" என்ற வாக்கியத்தை அன்று சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பான்.

எங்கே போவது

- ஏ.ஏ.டி.கே., தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்: 1-800-22-2235. தானாக வந்து உதவி கேட்பவரைச் சிகிச்சைக்கு உரியவராகவே ஏற்பது இதன் முறை. 18 வயதுக்குக் கீழானவருக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். 1983ஆம் ஆண்டின் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தை 2024-இல் நாடாளுமன்றம் திருத்தி, அடிமையானவரோடு தவறாகப் பயன்படுத்துவோரையும் அதற்குள் கொண்டுவந்தது.
- பினாங்கு மருத்துவமனை, ஜாலான் ரெசிடென்சி: மனநலப் பிரிவு உண்டு. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லலாம். குரல் கேட்பது, தூங்காமல் உலாவுவது, தற்கொலைப் பேச்சு இருந்தால் கடிதத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போங்கள்.
- 15555: சுகாதார அமைச்சின் மனநல நெருக்கடி உதவித் தொடர்பு.
- 15999: தாலியான் காசே. வீட்டில் வன்முறை இருந்தாலும், பிள்ளையே தனியாக உதவி கேட்க விரும்பினாலும் அழைக்கலாம்.
- பள்ளி ஆலோசக ஆசிரியர்: பிள்ளை நம்பும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவர் வழியாக அணுகுங்கள்.

கோயிலில் நேர்த்தியும் விரதமும் மனத்துக்குத் துணை நிற்கும். தண்ணீர்மலைக்குப் பிள்ளையோடு ஏறி இறங்குவதும் நல்லதே. மருத்துவரைப் பார்க்கும் நாளை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

மேலே உள்ள எண்களைக் குடும்பத்தில் எல்லாருடைய கைபேசியிலும் பதியுங்கள். எடைப் பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்து அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். "எங்கே இருந்தாலும், என்ன எடுத்திருந்தாலும், ஒரு அழைப்பு போதும், கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப்போவேன், பேச்சு மறுநாள்தான்" என்று வாக்குக் கொடுங்கள்.

அந்த வாக்கை மீறாதீர்கள். நள்ளிரவில் வீட்டுக்கு அழைக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு, பயத்தைவிட நம்பிக்கை ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும். சட்டத்தையும் கும்பலையும் உங்களால் ஒரே நாளில் மாற்ற முடியாது. பிள்ளைக்கு ஆபத்து வரும்போது முதலில் அழைக்கும் ஆளாக நீங்கள் இருக்க முடியும். அதற்கான வேலையை இன்றே தொடங்க முடியும்.